கல் மண்டபத்துக்கு ஒரு கதவு

என்னைச் செஞ்சிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றதும் என் அம்மா, "மலையும் கொரங்கும் தவிர அங்க இன்னாடி இருக்குது?" என்று கேட்டாள். போய் இறங்கிப் பார்த்தேன். அவள் சொன்னபடியே மலை இருந்தது, குரங்கும் இருந்தது. எனக்குக் கொடுத்த ஆஸ்பத்திரிக்குக் கதவுதான் இல்லை.

ஆஸ்பத்திரி என்று சொன்னது ஊரார். பலகையில் தாய் சேய் நல விடுதி என்று எழுதியிருந்தது. அறுபதுகளின் நடுவில் அங்கே பிரசவம் பார்க்கப் போன மிட்வைஃப் நான். விடுதிக்குக் கட்டடம் கட்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அதுவரைக்கும் கோட்டைக்குப் போகிற ரோட்டோரத்தில் சும்மா கிடந்த பழைய கல் மண்டபத்தில் வைத்துச் சமாளிக்க வேண்டுமாம். முன்னால் தூண்கள், பின்னால் ஓர் அறை. அறைக்குக் கல்லிலேயே நிலை உண்டு, வாசற்படி உண்டு. கதவு மட்டும் இல்லை. ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்த்தால் என் பிரசவ மேசை நேராகத் தெரியும்.

மற்றபடி எனக்கு அந்த இடம் பிடித்துத்தான் இருந்தது. சித்திரை வெயிலில்கூட உள்ளே குளுகுளுவென்று இருக்கும். கழுவிவிட்டால் கல் தரை பளிச்சென்று ஆகிவிடும். மழை வந்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது. என் மேசை, மருந்து அலமாரி, ஸ்டவ், வெந்நீர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். பிறகு தேதி பார்க்க ஒரு காலண்டர் மாட்டலாம் என்று சுவரின் இடுக்கில் ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன்.

"நர்ஸம்மா! நர்ஸம்மா! ஜெயிலுக்குப் போவணுமா உங்களுக்கு?"

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடிக்காத குறையாக நின்றார். கோட்டையையும் இந்த மண்டபத்தையும் பார்த்துக்கொள்ள புராதனச் சின்ன இலாகா வைத்திருந்த காவலாளி அவர். மண்டபத்துக்கு முன்னால் நட்டிருந்த இரும்புப் பலகையைக் காட்டினார். இது பாதுகாக்கப்பட்ட சின்னம், இதைச் சிதைத்தாலோ மாற்றினாலோ தண்டனை உண்டு என்று அதில் எழுதியிருந்தது.

"காலண்டர் மாட்டினா சின்னம் செதைஞ்சிடுமாய்யா?"

"ஆணி ஆணிதாம்மா. இன்னிக்கு காலண்டரு, நாளைக்கு கொடிக்கயிறு. நான் இன்னா பதில் சொல்றது?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அதை அந்த ஊர் சீக்கிரமே தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவரைப் பிடி பிடி என்று பிடித்தேன். மனிதர் ஆணியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோட்டை பார்க்க வருகிறவர்கள் தொல்லை வேறு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது இந்த மண்டபம்தான். இதுவும் பார்க்க வேண்டிய இடம் என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். ஒருநாள் ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், குடும்பத்தோடு ஓர் ஆள் நுழைந்து, "இங்க எந்த ராஜா இருந்தாரும்மா?" என்று கேட்டான். "ராஜா செத்துட்டாரு. நான்தான் ராணி. வெளியில போ!" என்று கத்தினேன். அவன் பெண்டாட்டி சிரித்த சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்டது.

திரை கட்டிப் பார்க்கலாம் என்று என் பழைய புடவை ஒன்றை இரண்டு மூங்கிலில் கட்டி வாசலில் நிறுத்தினேன். ஆணி அடிக்காததால் காவலாளியும் பேசாமல் இருந்தார். மலைக்காற்று அதை அன்றே தள்ளிவிட்டது. நிமிர்த்தி வைத்தேன். மறுநாள் வந்தால் மூங்கில் மட்டும் நிற்கிறது. எதிரே புளிய மரத்தில் ஒரு குரங்கு என் புடவையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து என்னையே பார்த்தது. கல்லெடுத்து வீசினேன். அது புடவையோடு மலையேறிவிட்டது.

இப்படி இருந்தால் எந்தப் பெண் வந்து மேசையில் படுப்பாள்? பால் பவுடர் வாங்க வருவார்கள், சத்து மாத்திரை வாங்க வருவார்கள். பிள்ளை பெற மட்டும் வரமாட்டார்கள். "ரோட்ல படுத்து பெத்துக்க சொல்றியா நர்ஸம்மா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். அவர்கள் வீடுகளுக்கு நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

அப்படிப் போன ஒரு வீடுதான் பாயம்மா வீடு. மண்டபத்துக்குப் பின்தெருவில் இருந்தது. மகன் தச்சு வேலை செய்கிறவன். வண்டிச் சக்கரம், ஏர், கதவு, கட்டில் என்று எது கேட்டாலும் செய்வான். பாயம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை. மருமகள் நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் இரண்டும் தக்கவில்லை. இரண்டுமே அந்த வீட்டில் பிறந்து, அழாமலே போய்விட்டவை. அந்தப் பெண் என்னோடு பேசும்போதெல்லாம் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவாள்.

பிரசவ அறையைக் காட்டச் சொன்னேன். வீட்டின் கடைசிக் கட்டில் ஓர் உள்ளறை. ஜன்னல் கிடையாது. அடுத்து அடுப்படி, புகை முழுக்க இங்கேதான் வரும். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. இந்தத் தடவையும் சிக்கலானால் தெருவில் வண்டி நுழையாது, கட்டிலில் வைத்துத் தூக்கி ரோட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"பாயம்மா, மண்டபத்துக்கு அனுப்புங்க. வெளிச்சம் இருக்குது, மேசை இருக்குது. ஒண்ணுன்னா வாசல்லயே பஸ்ஸு. திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திடலாம்" என்றேன்.

பாயம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கண்டிப்பான பொம்பளை. ஆனால் முரடு இல்லை.

"நீ சொல்றது எனக்குப் புரியுது நர்ஸம்மா. உசுரில்லாம பொறந்த ரெண்டு மையத்தையும் இந்தக் கையாலதான் வாங்கினேன். எனக்கு ஆசை இல்லையா? ஆனா எங்க ஊட்டுப் பொண்ணை தெறந்த வாசல்ல படுக்க வெக்க மாட்டேன். அவளும் வரமாட்டா. அங்க ஒரு கதவு போடு. போட்ட அன்னிக்கே நானே கூட்டியாறேன்."

என்னை வாசல் வரை கொண்டுவிட வந்த மருமகள், மெதுவாக, "அக்கா, கதவு போட்டுடுவீங்கல்ல?" என்றாள். "போட்டுடுவேன்டி" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனேன். கடலைக்காய் வியாபாரம் செய்கிற மனிதர், தாட்டியான உடம்பு, தங்கமான மனசு. எதைச் சொன்னாலும் "முடிச்சிடலாம்மா" என்பார். இலாகாவுக்கு மனு போட்டார். பதில் வந்தது. இந்த மண்டபத்தில் கதவு இருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை, இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பது மாற்றம் ஆகும், மாற்றத்துக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"முடிச்சிடலாம்னீங்களே தலைவரே! அவங்க முடிச்சிட்டாங்க பாருங்க!" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"கத்தாதம்மா. காயிதத்துல எழுதறவன் கண்ணால பாத்தானா? நேர்ல வந்து பாத்தா அவனுக்கும் மனசு எளகும். வரவெக்கிறேன் பாரு."

சொன்னபடி வரவைத்தார். கோட்டைப் படிகளைப் பார்க்க ஓர் ஆபீசர் வருவதாக இருந்தது. அவர் கையைக் காலைப் பிடித்து மண்டபத்தையும் ஒரு பார்வை பார்ப்பதாக ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த சந்தோஷத்தில் காவலாளிக்குக்கூட டீ வாங்கிக் கொடுத்தேன். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன். கோபப்படக் கூடாது என்று எனக்கு நானே சத்தியமும் செய்துகொண்டேன்.

ஆபீசர் வருவதற்கு முதல் நாள் மேல்சித்தாமூரிலிருந்து வண்டி வந்துவிட்டது, தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது என்று. போகாமல் இருக்க முடியுமா? போனேன். சுகப் பிரசவம். அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துச் செஞ்சியில் வந்து இறங்கினேன்.

இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

என் மண்டபம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. தூண், சுவர், கல் நிலை, வாசற்படி என்று ஒன்று விடாமல் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு மேல் பட்டை பட்டையாகக் காவி. வாசலில் மாவிலைத் தோரணம், தரையில் பெரிய கோலம். தூணுக்குத் தூண் வாழைக்கன்று. தலைவர் புது வேட்டி கட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறார். அவரைச் சுற்றி ஊர்ப் பெண்கள் எல்லாரும் கையெல்லாம் சுண்ணாம்பும் வாயெல்லாம் சிரிப்புமாக நிற்கிறார்கள். பாயம்மாவின் முக்காட்டில்கூட வெள்ளைத் துளிகள்.

"எப்புடி?" என்றார் தலைவர்.

எங்கள் பக்கத்தில் பெரிய மனுஷன் யார் வந்தாலும் இதுதான் வழக்கம். கலெக்டர் வந்தால் வெள்ளை அடிப்போம், மந்திரி வந்தால் வெள்ளை அடிப்போம். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் வாசலில் இருக்கிற மரத்துக்குக்கூட வெள்ளை அடிப்போம். வருகிறவருக்கு அதுதான் மரியாதை. யாருக்கும் வேறு மாதிரி நினைக்கவே தோன்றவில்லை. சுண்ணாம்பு பாயம்மா வீட்டு உபயமாம். "எங்க ஊட்டுப் புள்ள பொறக்கப்போற எடம், நான்தான் குடுப்பேன்" என்று அடம்பிடித்து அவளே கரைத்தாளாம்.

"அய்யோ! அய்யோ!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "ஒரு ஆணி அடிக்கவே வுடமாட்டாங்களே, அதுல வெள்ளை அடிச்சி வெச்சிருக்கீங்களே! எங்கய்யா போனான் அந்தக் காவலாளி?"

காவலாளி ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். அவர் கையில் ஏணி இருந்தது.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் நர்ஸம்மா. ஆபீசரு வரும்போது எடம் அழுக்கா இருந்தா உன் வேலை போயிடும்டானு தலைவரு சொன்னாரு. பயந்துட்டேன். ஏணியத்தான் புடிச்சேன், வெள்ளையடிக்கிற மட்டையக் கையால தொடல."

எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. எது முதலில் என்று முடிவு செய்வதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது.

ஆபீசர் ஒல்லியான மனிதர். தலையில் தொப்பி, தோளில் பை. இறங்கினார், மண்டபத்தைப் பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. தலைவர் மாலையோடு முன்னால் போனார். ஆபீசர் மாலையைப் பார்க்கவே இல்லை. ரோட்டோரம் இருந்த பாலத்துக் கட்டையில் போய் உட்கார்ந்தார். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். குடித்தார்.

"யார் செய்தது இது?"

"எல்லாம் நம்ம ஏற்பாடுதான் சார்!" என்றார் தலைவர், இன்னும் ஒன்றும் புரியாமல்.

ஆபீசருக்குக் கோபம் வந்தாலும் குரல் உயரவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ ராஜாக்கள், நவாபுகள், வெள்ளைக்காரர்கள் வந்து போனார்கள், அவர்கள் யாரும் இந்தக் கல்லுக்கு இப்படிச் செய்யவில்லை என்றார். சுண்ணாம்பு காய்ந்து பிடித்துக்கொண்டால் கல்லின் வேலைப்பாடு எல்லாம் மூடிப்போகும் என்றார். கேஸ் போடுவார்கள் என்றார். கதவைப் பற்றி இனிமேல் பேச்சே இல்லை என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அழுகிறவள் இல்லை. பாயம்மாவின் மருமகள் முகம்தான் கண்முன்னால் வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாயம்மா முன்னால் வந்தாள்.

"இந்தா சாரு, கோச்சிக்காத. நீ வர்றேன்னுதான் அடிச்சோம். உனக்குப் புடிக்கலன்னா கழுவிடறோம். அதுக்கு இன்னாத்துக்கு கேஸு?"

"கழுவுவீர்களா? முழுக்கவா?"

"நாங்கதானே அடிச்சோம். நாங்களே கழுவறோம். சுண்ணாம்பு இன்னும் ஈரந்தான்."

ஆபீசர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கம்பி போட்டுச் சுரண்டக் கூடாது, கல்லால் தேய்க்கக் கூடாது, வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும்தான், அதுவும் தன் கண் முன்னால் என்றார். "சரி" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். ஊரில் இருந்த குடம் எல்லாம் மண்டபத்துக்கு வந்துவிட்டது. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைவர் தூணைக் கட்டிப்பிடித்துத் தேய்க்கிறார். காவலாளி ஏணியில் ஏறி மேலே தேய்க்கிறார். "மட்டையத் தொடலன்னியே, இப்ப நாரைத் தொடறியே" என்று நான் கீழேயிருந்து குத்திக்காட்டுகிறேன். ஆபீசர் ஆளுக்கு ஆள் ஓடி, "மெதுவாக, மெதுவாக" என்று கெஞ்சுகிறார். பெண்கள், "இன்னா சாரு, கொழந்தைக்கு எண்ணெய் தேச்சி ஊத்தற மாதிரி சொல்றியே" என்று அவரைக் கிண்டல் செய்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோட்டை பார்க்க வந்த கூட்டம் கோட்டையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது.

பாயம்மா அறை வாசலைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். சுண்ணாம்பு கரைத்தவள் அவள் என்பதால் வாசற்படியில் தாராளமாகவே வழியவிட்டிருந்தாள். நிலைக்கு உள்பக்க மூலையில் அது கட்டியாகப் பிடித்திருந்தது. நாரைச் சுருட்டி வைத்து அழுத்தித் தேய்த்தாள், தண்ணீர் ஊற்றினாள், மறுபடி தேய்த்தாள்.

"நர்ஸம்மா, இங்க வந்து பாரேன். இன்னாடாது, ஊத்தற தண்ணியெல்லாம் உள்ள பூடுது?"

போய்ப் பார்த்தேன். நான் தினமும் கழுவித் துடைக்கிற தரை அது. அந்த மூலையில் மண்ணும் சாணமும் எத்தனை வருஷமாக இறுகியிருந்ததோ, கல் நிறத்துக்கே வந்துவிட்டது. முன்பு அங்கே ஆடு கட்டுவார்களாம். கல்லே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அது ஊறிக் கரைந்து ஒரு குழி தெரிந்தது. பாயம்மா விரலை விட்டு மண்ணைத் தோண்டினாள். வட்டமான, வழவழப்பான குழி.

"தொடாதீர்கள்!" என்று ஆபீசர் பாய்ந்து வந்தார். வந்தவர் அந்தச் சுண்ணாம்புச் சேற்றில் பேண்ட்டோடு மண்டி போட்டார். பையிலிருந்து ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்துச் சுத்தம் செய்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். "ஏணி! ஏணி!" என்றார். நிலையின் மேல் கல்லில், நேர் மேலே, ஒரு குளவிக் கூடு அப்பிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, குளவி இல்லை. அதைப் பெயர்த்தால் அங்கேயும் ஒரு குழி.

பாயம்மாவின் மகன் கூட்டத்தில் இருந்தான். "இது கதவுக் குடுமி நிக்கற குழி சார். எங்க ஊட்டுக் கதவும் இப்புடித்தான் சுத்துது" என்றான். அங்கே இருந்த எல்லார் வீட்டுக் கதவும் அப்படித்தான். கதவின் ஒரு ஓரத்தில் மேலும் கீழும் முளை விட்டு, அதைக் குழியில் நிறுத்துவார்கள். கீல் கிடையாது, ஆணி கிடையாது.

"அப்ப இங்க கதவு இருந்துச்சா சார்?" என்று தலைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இருந்திருக்கிறது" என்றார் ஆபீசர். குரலே மாறிவிட்டது, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. "கட்டினவர்களே வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் பார்க்கவில்லை."

நான் செய்துகொண்ட சத்தியம் அப்போது உடைந்தது. "அடையாளம் எதுவும் இல்லன்னு எழுதினீங்களே சார்! இல்லாததைச் சேர்க்க முடியாதுன்னீங்களே! இப்ப இருந்ததைத் திருப்பி வெக்கலாம்ல? வெக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க!"

"வைக்கலாம்மா" என்றார். "அது மாற்றம் ஆகாது. ஆனால் மேலே எழுதி உத்தரவு வாங்க வேண்டும்."

ஊரே கூவியது. தலைவர் வாடிப்போன மாலையைத் தேடி எடுத்து அவர் கழுத்தில் போட்டேவிட்டார்.

ஆனால் மேலிடம் மேலிடம்தான். உத்தரவு வருகிற வழியாக இல்லை. இங்கே மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாயம்மாவின் மகன் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அளவெடுத்துக்கொண்டு போய் வேலையை ஆரம்பித்துவிட்டான். வேப்பம் பலகையில் கதவு தயாராகி அவர்கள் வீட்டு வாசலில் சாய்ந்து நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதை மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைக்கவாவது செய்யலாம் என்றால் காவலாளி, "உத்தரவு வரட்டும் நர்ஸம்மா" என்று குறுக்கே நின்றார். நான் திட்டாத திட்டு இல்லை.

பிள்ளைத்தாய்ச்சி மட்டும் சிரித்துக்கொண்டாள். "அக்கா, கதவு முதல்ல வருமா, புள்ள முதல்ல வருமா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டே கேட்பாளே தவிர, கை வயிற்றின் மேல்தான் இருக்கும்.

உத்தரவு வந்தது. ஆணி கூடாது, இரும்பு கூடாது, சாயம் பூசக் கூடாது, பழைய குழியிலேயே நிறுத்த வேண்டும், விடுதி வேறு இடம் போகும்போது கதவைக் கழற்றிவிட வேண்டும் என்று வரிசையாக நிபந்தனை. கதவை நிறுத்தியதும் தானே வந்து பார்வையிடுவதாக ஆபீசர் தேதி குறித்திருந்தார். அந்தத் தேதியில் காலையில் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேல் முளையை மேல் குழிக்குள் செருகி, அப்படியே இறக்கிக் கீழ்க் குழியில் உட்காரவைக்க வேண்டும். நாலு பேர் பிடித்தும் சுலபத்தில் உட்காரவில்லை. பாயம்மாவின் மகன் முளையைச் சீவிச் சீவி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்தெருவிலிருந்து ஆள் ஓடிவந்தது. வலி கண்டுவிட்டதாம்.

"உளிய அங்க போட்டுட்டு வாடா" என்று யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"நான் போயி இன்னா பண்ணப் போறேன்? இதத்தானே பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டு அவன் தலை நிமிராமல் சீவினான். பாயம்மா மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தெரு முனையில் திரும்பியபோது, கதவு டொக்கென்று குழியில் இறங்கியது. தள்ளிப் பார்த்தோம். சுற்றியது.

அந்தப் பெண் உள்ளே வந்ததும் நான் கதவைச் சாத்தினேன். அந்த அறையில் முதல் தடவையாக ரோடு தெரியவில்லை. அவள் தலை முக்காட்டை எடுத்துவிட்டு, "அல்லா!" என்று மூச்சு விட்டாள். அதன் பிறகு நான் அவளை எப்படிப் படுக்கச் சொன்னாலும் படுத்தாள், எப்படி முக்கச் சொன்னாலும் முக்கினாள்.

லேசான பிரசவம் இல்லை. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. முந்தின இரண்டும் ஏன் போயின என்று எனக்கு அப்போது புரிந்த மாதிரி இருந்தது. வெளிச்சம் இல்லாத அந்த உள்ளறையில் நானாக இருந்தாலும் கொடியைப் பார்த்திருக்க மாட்டேன். விளக்கைக் கிட்டே இழுத்து, கொடியை விடுவித்து எடுத்தேன். எடுத்த பிறகும் அது அழவில்லை. நீலம் பாரித்திருந்தது. தலைகீழாகப் பிடித்து முதுகைத் தட்டினேன், வாயைத் துடைத்து ஊதினேன், தேய்த்தேன். பாயம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி முதுகைத் தட்டியபோது அது ஒரு தும்மல் போட்டது. பிறகு கத்தியது பாருங்கள், மலை வரைக்கும் கேட்டிருக்கும். பெண் குழந்தை.

வெளியே ஒரே ஆரவாரம். அதற்கு நடுவில் கதவைத் தட்டுகிற சத்தம். பாயம்மா ஒரு சாண் அளவுக்குத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"உள்ள பொம்பளைங்க இருக்காங்க. கதவு மூடியிருக்குது, தெரியலயா?"

"தெரிகிறதம்மா. அந்தக் கதவைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றது ஆபீசரின் குரல்.

"அப்ப வெளியிலருந்தே பாரு" என்று சாத்திவிட்டாள்.

அவர் எவ்வளவு நேரம் தூணோரம் நின்றாரோ! எல்லாம் துடைத்து முடித்து, தாயைப் போர்த்திப் படுக்கவைத்து, நடுவில் என் மூங்கிலில் வேறொரு புடவையைக் கட்டி நிறுத்திய பிறகு அவரை உள்ளே விட்டோம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசைப்படாமல் வந்தார். கீழ்க் குழியைப் பார்த்தார். மேல் குழியைத் தடவிப் பார்த்தார். ஓர் ஆணியும் இல்லை, ஒரு கீறலும் இல்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் அவருக்கு.

"பார்வையிடப்பட்டது. மண்டபத்தில் எந்த மாற்றமும் இல்லை."

தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பேத்தியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த பாயம்மா நிமிர்ந்தாள்.

"நர்ஸம்மா, இன்னா சொல்றாரு இவுரு? எந்த மாத்தமும் இல்லையாமா?" என்றாள். சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். "யோவ் சாரு, இங்க குனிஞ்சி பாருய்யா!"

ஆபீசர் குனிந்து பார்த்தார். குழந்தை அவர் தொப்பியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "தெரிகிறதம்மா, நன்றாகத் தெரிகிறது" என்றார். ஆனால் எழுதினதை அடிக்கவில்லை.